மயோத்: நான்கு தீவுகளில் ஒன்று மட்டும் வேண்டாம் என்றால்

கடலூர்க்காரன், 2 மார்ச் 2025
டிசம்பரில் அடித்த சிடோ சூறாவளிச் செய்திகளைப் படித்தபோதுதான் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மயோத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம் என்றே எனக்குத் தெரிந்தது. பக்கத்து நாடான கொமொரோஸ் அது தன்னுடைய நிலம் என்கிறது. ஐ.நா. சபையும் அதன் பக்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. ஆனால் தீவு மக்கள் 99 சதவீதம் பேர் பிரான்சோடு இருக்க வாக்களித்தார்களாம். எந்த ஊரில் 99 சதவீதம் வந்தாலும் அது மோசடி என்பது என் கட்சி. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு
மோசடி இல்லை. நான் அங்கே வேலை பார்த்தவள், மமூட்சு நகரில், பிரசவ வார்டில் செவிலியாக. பிறந்த ஊர் புதுச்சேரி. தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் இருந்த பிரெஞ்சுக் குடியுரிமையைக் கொண்டு முதலில் இன்னொரு பிரெஞ்சுத் தீவான ரெயூனியன், பிறகு மயோத்.

நீங்கள் சொல்லும் 99.4 சதவீதம் 8 பிப்ரவரி 1976 வாக்கெடுப்பில் வந்தது. அதை மட்டும் தனியே பிடுங்கிப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதற்கு ஏறக்குறைய பதினான்கு மாதங்களுக்கு முன்னால், 22 டிசம்பர் 1974 அன்று, கிராந்த் கொமோர், அஞ்சுவான், மொஹேலி, மயோத் ஆகிய நான்கு தீவுகளும் சேர்ந்து வாக்களித்தன. சுதந்திரம் வேண்டுமா என்பது கேள்வி. மொத்தத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் வேண்டும் என்றது. மயோத்தில் மட்டும் 63 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றது. அங்கேயும் மூன்றில் ஒருவருக்கு மேல் சுதந்திரம் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முடிவை ஜோடிப்பவன் இவ்வளவு பெரிய எதிர்ப்பை ஏட்டில் விட்டுவைக்க மாட்டான்.

3 மார்ச்
ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதைச் சொல்லாமல் சதவீதம் பேசிப் பயனில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் கொமொரோத் தீவுகளின் தலைநகர் மயோத்தில் இருந்த ட்சவுட்சி. அதை கிராந்த் கொமோரில் உள்ள மொரோனிக்கு மாற்ற 1958இல் முடிவெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறின. அலுவலகத்தோடு குமாஸ்தா போனார், அவரோடு சம்பளமும் போனது. பல வீடுகளில் பெண்களும் குழந்தைகளும் மட்டும் மிஞ்சினார்கள். மயோத்தின் பிரான்ஸ் பற்று அந்த வீடுகளில்தான் தொடங்கியது. கொடி, தேசிய கீதம் எல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. மொரோனி ஆட்சிக்குக் கீழே போனால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம்தான் முதல் காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரமும் கண் முன்னால் இருந்தது.

போராட்டத்தை நடத்தியவர்கள் பெண்கள். தலைவி பமான்சி ஊரைச் சேர்ந்த ஜெனா ம்தெரே. அவர்களுடைய ஆயுதம் கிச்சுகிச்சு. கேலி இல்லை, நிஜமாகவே அதுதான். மொரோனியிலிருந்து அமைச்சரோ அதிகாரியோ வந்து இறங்கினால் பத்து இருபது பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். விலாவிலும் அக்குளிலும் விரல் விட்டு, அவர் சிரித்து, மூச்சுத் திணறி, வந்த படகிலேயே திரும்பிப் போகும்வரை விட மாட்டார்கள். என் வார்டில் பேத்தியின் பிரசவத்துக்குத் துணையாக வந்த மூதாட்டி ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். மூன்று விரலை மடக்கி நீட்டி எனக்குச் செய்து காட்டினார். "உடம்பில் காயம் இருக்காது, ரத்தம் இருக்காது. போலீசிடம் போய் அவர் என்ன புகார் சொல்வார்? பொம்பளைகள் சிரிக்க வைத்தார்கள் என்றா?" என்று கேட்டார். பேத்தி வலியில் இருந்தாள். அந்த நேரத்திலும் பாட்டி சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

3 மார்ச், பிற்பகல்
நாட்டுப்புறக் கதைபோல இருக்கிறது என்று எழுதியவருக்கு: கதை இல்லை. 1969 அக்டோபரில் மமூட்சு படகுத்துறையில் இந்தப் பெண்களுக்கும் காவல் படைக்கும் நடந்த மோதலில் சாக்கியா மாதி என்ற பெண் உயிரிழந்தார். தீவில் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். சிரிப்பை மட்டும் நினைவில் வைத்து இந்தச் சாவை மறந்தால் அந்தப் பெண்களை வேடிக்கைப் பொருளாக ஆக்கிவிடுவோம்.

6 மார்ச்
நான் முதலில் எழுதியதில் ஒரு பாதிதான் வந்தது. 1974இல் மூன்றில் ஒரு பங்கு சுதந்திரம் கேட்டது என்றால் 1976இல் அந்த ஆட்கள் எங்கே போனார்கள்?

இரண்டு விஷயம் நடந்தது. முதலாவது, கேள்வியே மாறிவிட்டது. 1974 வாக்கெடுப்பின் முடிவு வந்த பிறகு, புதிய நாட்டின் அரசியல் சட்டத்தை ஒவ்வொரு தீவும் தனித்தனியே ஏற்க வேண்டும் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் 1975 ஜூலை 3 அன்று சட்டம் போட்டது. மொரோனியில் ஆட்சித் தலைவராக இருந்த அகமது அப்தல்லா, இது நம்மைத் துண்டாக்கும் சூழ்ச்சி என்று சொல்லி ஜூலை 6 அன்று தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தார். ஒரு மாதம் முடிவதற்குள் அவரையே கவிழ்த்துவிட்டார்கள். ஆக, 1976இல் மயோத் மக்கள் எடைபோட்டது, சதிப்புரட்சியில் ஆரம்பித்த ஒரு குடியரசை.

இரண்டாவது விஷயம் கசப்பானது. கொமொரோசோடு சேர வேண்டும் என்று பேசிய மயோத் குடும்பங்களை அந்த மாதங்களில் மிரட்டினார்கள், சிலரைத் தீவைவிட்டே துரத்தினார்கள். இதைச் செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை, அண்டை அயலார். எண்ணிக்கையில் கள்ளம் இல்லை என்று இப்போதும் உறுதியாகச் சொல்கிறேன். எண்ணுவதற்கு முன்பே மாற்றுக் குரல் அடங்கிவிட்டது என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 63க்கும் 99க்கும் உள்ள இடைவெளியில் இரண்டுமே இருக்கின்றன.

6 மார்ச், இரவு
ஐ.நா. பற்றி. கொமொரோசை 12 நவம்பர் 1975 அன்று நான்கு தீவுகள் கொண்ட ஒரே நாடாக ஐ.நா. சேர்த்துக்கொண்டது. 1976 பிப்ரவரி 6 அன்று, அதாவது வாக்கெடுப்புக்கு இரண்டே நாள் முன்னால், அதை நடத்தக் கூடாது என்ற தீர்மானம் பாதுகாப்பு சபைக்கு வந்தது. பதினொரு நாடுகள் ஆதரித்தன. பிரான்ஸ் வீட்டோ போட்டது. தன் சொந்த வழக்கில் தானே வீட்டோ போட்டதை ஆப்பிரிக்க நாடுகள் இன்றுவரை மறக்கவில்லை, மறக்கவும் தேவையில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பொதுச்சபை தன் 31/4 தீர்மானத்தில் மயோத்தில் நடந்த வாக்கெடுப்புகள் செல்லாது என்றது.

கொமொரோசின் வாதம் வலுவானது. காலனி ஆட்சி விட்டுப்போன எல்லையை மாற்றக் கூடாது என்று ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964இல் கெய்ரோவில் முடிவெடுத்திருந்தது. நான்கு தீவுகளும் ஒரே நிர்வாகமாக இருந்தவை, போகும்போது ஒன்றாகவே போக வேண்டும் என்பது அதன்படி சரி. ஆனால் எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. பங்காளிகள் நாலு பேரில் மூவர் கையெழுத்துப் போட்டதால் நாலாமவன் வீடும் போய்விடும் என்றால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒத்துக்கொள்வார்கள்? எதை ஓர் அலகாக வைத்து எண்ணுவது என்று முடிவு செய்கிறவன் கையில்தான் முடிவும் இருக்கிறது. நான்கையும் சேர்த்து எண்ணினால் சுதந்திரம், தீவு தீவாக எண்ணினால் பிரிவினை. அந்த அளவுகோலைப் பாரிஸ் எடுத்துக்கொடுத்தது உண்மை. அதைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றவர்கள் மயோத் பெண்கள் என்பதும் உண்மை.

7 மார்ச்
புதுச்சேரிக்காரி இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டவருக்கு. பேசலாம், ஏனென்றால் இதே பிரெஞ்சுச் சட்டம் எங்கள் வழியாகவும் போயிருக்கிறது. மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவர்களுடைய அரசியல் சட்டம் சொல்கிறது. வங்காளத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூனில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள்: இந்தியாவோடு சேர 7,463 பேர், எதிர்ப்பு 114. புதுச்சேரிக்கு அது வாய்க்கவில்லை. 18 அக்டோபர் 1954 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இணைப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பாட்டியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மயோத் பாட்டியிடம் கேட்டார்கள். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப.

1962இல் சட்டப்படி மாற்றம் முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார், அவருடைய தம்பி கொடுக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் விசாவுக்கு வரிசையில் நிற்கிறவர்கள். பின்னால் எழுதப்போவதற்கு இது தேவைப்படும்.

12 மார்ச்
இந்த விவகாரத்தில் அதிகம் பேசப்படாத பக்கம் அஞ்சுவான்.

மயோத்திலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1974இல் சுதந்திரத்துக்கு அள்ளி வாக்குப் போட்ட தீவு. அப்தல்லா பிறந்த தீவு. 1997இல் அதே அஞ்சுவான், மொரோனி ஆட்சி வேண்டாம், எங்களையும் பிரான்சே எடுத்துக்கொள்ளட்டும் என்று பிரெஞ்சுக் கொடியை ஏற்றியது. அவர்களுடைய குறையும் மயோத்தின் பழைய குறைதான்: பணமும் பதவியும் மொரோனியோடு நின்றுவிடுகின்றன. பிரான்ஸ் கதவைச் சாத்திவிட்டது. அந்த அக்டோபரில் அஞ்சுவான் தனிநாடாகப் போவதற்கு வாக்கெடுப்பு நடத்தியது. அதிலும் 99 சதவீதம். அதை யாரும் ஏற்கவில்லை. கடைசியில் 2008இல் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் துணையோடு கொமொரோஸ் ராணுவம் தீவைப் பிடித்தது.

பிரான்சை எதிர்த்து வாக்களித்த தீவு இருபது ஆண்டு கழித்து பிரான்சைக் கெஞ்சியது என்று மயோத்தில் வெற்றிப் பெருமிதத்தோடு சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். ஒரே கோரிக்கை. ஒரு தீவு கேட்டால் மக்கள் விருப்பம், இன்னொன்று கேட்டால் கலகம்.

13 மார்ச்
சுருக்கமாக மீதி வாக்கெடுப்புகள், கேட்டிருந்தீர்கள். 1976 ஏப்ரலில் இரண்டாவது வாக்கெடுப்பு: கடல் கடந்த ஆட்சிப்பகுதி என்ற தகுதி தொடரலாமா? தீவு முழு மாவட்டத் தகுதி கேட்டது. சீட்டில் அந்த வாய்ப்பே இல்லை. மக்கள் தாங்களே எழுதிய சீட்டைப் பெட்டியில் போட்டார்கள், பெரும்பாலான சீட்டுகள் செல்லாதவை ஆயின. 2000இல் ஓர் இடைக்காலத் தகுதிக்கு 73 சதவீதம் ஆதரவு. 29 மார்ச் 2009 அன்று முழு மாவட்டமாக ஆவதற்கு 95 சதவீதம். 2011இல் பிரான்சின் 101ஆவது மாவட்டம்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே முஸ்லிம்கள். காதி நீதிமன்றத்தையும் பலதார மணத்தையும் விட்டார்கள். முகத்தில் பூசும் சந்தனத்தை மட்டும் விடவில்லை. கல்லில் உரைத்துக் குழைத்து ம்சிந்த்சானோ என்று பெண்கள் பூசுவதை வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்து, அந்த வாசனைக்காகவே வார்டு வாசலில் நின்றிருக்கிறேன்.

20 மார்ச்
இப்போது விசா.

1995 வரை அஞ்சுவானிலிருந்து மயோத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தங்கை கல்யாணத்துக்கு வருவார்கள், கிராம்பு விற்க வருவார்கள், வைத்தியத்துக்கு வருவார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் பலாதூரின் அரசு விசா கட்டாயம் என்றது. அதன் பிறகும் வந்தார்கள், இரவில், க்வாசா என்ற மீன்பிடிப் படகில். 1995 முதல் அந்தக் கடலில் 7,000 முதல் 10,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று பிரெஞ்சு செனட்டின் 2012ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. போர் எதுவும் நடக்காத கடல் அது.

வார்டில் நான் கற்றுக்கொண்ட ஒரு தீக்காயம் உண்டு. படகின் அடியில் சிந்திய பெட்ரோலும் உப்புத் தண்ணீரும் கலந்து தேங்கும். கர்ப்பிணிகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அடியில்தான் உட்கார வைப்பார்கள். இரவு முழுவதும் அதில் உட்கார்ந்து வந்தவளுக்குத் தொடைக்குப் பின்னால் தோல் வெந்து உரிந்திருக்கும். பிரசவ மேசையில் மல்லாந்து படுக்க முடியாது. அப்படி ஒருத்தியை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்த்தோம். மறுநாள் அவளுடைய அக்கா சோறும் மீனும் கொண்டுவந்தாள். அக்கா மயோத்தில் கல்யாணம் செய்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவள். இருவரும் பேசிய பேச்சு எனக்கு ஒன்றாகவே கேட்டது.

இந்தத் தீவு யாருடையது என்று மக்களிடம் கேட்டார்கள். அக்கா வீட்டுக்குத் தங்கை வரலாமா என்று 1995இல் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. பாரிசில் கையெழுத்தானது. வாக்கெடுப்பைக் காட்டி இந்த விசாவை நியாயப்படுத்துகிறவர்களிடம் என் சண்டை இதுதான். அந்தச் சீட்டில் இது இல்லை.

2 ஏப்ரல்
கடலூர்க்காரன் எழுதியிருக்கிறார்: "விசாவை வைத்து வாக்கெடுப்பு நடத்தினால் மயோத் மக்கள் விசா வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அப்போது என்ன செய்வீர்கள்?"

நியாயமான கேள்வி. பல நாள் இதை மனத்தில் போட்டு உருட்டினேன். ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். 2022 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் குடியேற்றத்தை எதிர்க்கும் தீவிர வலதுசாரி மரீன் லூ பென்னுக்கு மயோத் 59 சதவீதம் கொடுத்தது. 2023இல் தகரக் குடிசைகளை இடித்து, ஆவணம் இல்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கையைப் பாரிஸ் தொடங்கியபோது ஆதரவு ஊர்வலம் போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் இடம் இல்லாமல் பிள்ளைகள் காலை ஒரு பிரிவு, மாலை ஒரு பிரிவு என்று போனார்கள். 2023 வறட்சியில் மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தது. நாட்டின் மிக ஏழை மாவட்டம் அதுதான். பிரான்ஸ் என்ற பெயரை வாங்கிக்கொடுத்த வாக்கு, பிரான்சின் பள்ளிக்கூடத்தையும் தண்ணீரையும் வாங்கிக்கொடுக்கவில்லை. அந்தக் கோபம் பாரிஸ் மேல் போகாமல் படகில் வருகிறவள் மேல் விழுகிறது.

ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. நான் எங்கே இருப்பேன் என்பதை என் வாக்கு முடிவு செய்யட்டும். கடலில் இன்னொருத்தி உயிர் போகுமா என்பதை முடிவு செய்ய என் வாக்குக்கு உரிமை கிடையாது, நூற்றுக்கு நூறு வந்தாலும். 1976 வாக்கை நான் மதிப்பது முதல் காரணத்துக்காக. இரண்டாவதற்கு அதை நீட்ட விட மாட்டேன். மயோத் பிரான்சாகவே இருந்துகொண்டு அஞ்சுவானோடு பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள்ள முடியும். 1995 வரை அப்படித்தான் இருந்தது.

2 ஏப்ரல், சற்று நேரம் கழித்து
மொரோனி அரசையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு மேடையிலும் மயோத் எங்களுடையது என்று முழங்குகிறது. அஞ்சுவானில் ஒரு பெண்ணுக்குச் சிசேரியன் செய்ய நம்பிக்கையான ஓர் அறை இருந்திருந்தால் என் வார்டுக்கு வந்த பாதிப் பேர் படகேறியிருக்க மாட்டார்கள். உரிமை கோரும் நாடு, தன் கையில் ஏற்கெனவே இருக்கும் தீவை எப்படி வைத்திருக்கிறது என்பதையும் மயோத் வாக்காளர் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

14 மே
புதிய சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. மயோத்தில் பிறக்கும் குழந்தை பிற்பாடு பிரெஞ்சுக் குடியுரிமை பெற வேண்டுமானால், அது பிறக்கும்போது பெற்றோர் இருவரும் குறைந்தது ஓராண்டாகச் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். 2018இல் போட்ட விதிப்படி பெற்றோரில் ஒருவருக்கு மூன்று மாதம் போதுமாக இருந்தது. பிரான்சின் பெருநிலத்தில் இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. பிரான்சாகவே இருப்போம் என்று அரை நூற்றாண்டாக வாக்களித்த தீவுக்கு மட்டும் தனிச் சட்டம். தீவின் பிரதிநிதிகளே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

2022இல் தீவில் 10,000க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. தாய்மார்களில் நான்கில் மூவர் வெளிநாட்டவர், பெரும்பாலும் அந்த 70 கிலோமீட்டரைக் கடந்து வந்தவர்கள். இனிப் பிறக்கப்போகும் பல குழந்தைகள் மமூட்சுவிலேயே வளர்ந்து, பிரெஞ்சில் படித்து, பதினெட்டு வயதை எட்டுவார்கள். அப்போது தீவைப் பற்றி மறுபடி ஒரு வாக்கெடுப்பு வந்தால், பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது.